பக்கத் தொட்டி

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஆறு பேர். வேப்பமரத்துத் தூரில் முதுகைச் சாய்த்துப் பெரிய கொத்தனார் பெத்துராஜ். அவருக்கு இடது பக்கம், சிமெண்ட் மூட்டை அடுக்கின்மேல் காலைத் தொங்கப் போட்டபடி சின்னக் கொத்தனார் முத்துக்கிருஷ்ணன். எதிரே தார்ப்பாயில் சித்தாட்கள் எப்சிபாவும் கோமதியம்மாளும், நடுவில் ஒரே தூக்குவாளி. எல்லோரையும் விட்டுத் தள்ளி, நிழல் முடிகிற கோட்டின்மேல், கலவை போடுகிற மகாராஜா; பாதி வெட்டுப்பட்ட ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு மற்ற விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வேலையை மேற்பார்வை பார்க்கிற நெல்லைநாயகம் மட்டும் நாற்காலியில். மடியில் நோட்டு.

சாயங்காலம் நான்கு பேர் கிளம்பிப் போன பிறகு, கேட்டைப் பூட்ட வந்த நெல்லைநாயகம் மரத்தடியில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தார்.

நீல வார். வலது செருப்பில் வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு.

மகாராஜாவின் செருப்பு.

அவன் சாப்பிட்ட கையோடு கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று காலையில் நெல்லைநாயகம் எல்லோர் முன்னாலும் அவனைச் சத்தம் போட்டிருந்தார். அவனும் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நாளைக்கே கேரளாவுக்குப் போறேன் பாரும். அங்கன மனுசன மனுசனா வச்சிருப்பான்" என்றான். "பேருலயே மகாராஜாவ வச்சிக்கிட்டு இன்னும் எதுக்குலே கேரளா?" என்று பெத்துராஜ் கேட்க, சித்தாட்கள் சிரித்தார்கள். இரண்டு மணிக்கு வேலைக்கு எழுந்தபோது அவனும் இல்லை, அவனுடைய சோற்றுப் பையும் இல்லை. யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கரிவலம் ரோட்டில் தார் இளகி லாரி டயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற வெயில் அது. அதில் வெறுங்காலோடு எவன் போவான்?

நெல்லைநாயகத்துக்கு இன்னொன்றும் தெரியும். அந்தச் செருப்பை மரத்தடியில் போட்டது மகாராஜா இல்லை. அவர்தான்.

சென்னையில் இருக்கிற ராம்சங்கர் சார், சங்கரன்கோவிலில் தான் கட்டிய புது வீட்டுக்குப் பின்னால் வேண்டும் என்று கேட்ட நீச்சல் குளம் அது. முப்பதடி நீளம். படிக்கட்டுப் பக்கம் நாலடி ஆழம், அந்தக் கடைசியில் ஏழடி. ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு. அதற்குள் வெள்ளைப் பூச்சை முடித்து, முடித்த கையோடு தண்ணீரும் விட்டாக வேண்டும். இந்தச் சித்திரையில் வெறுமனே விட்டுவைத்தால் பூச்சு பாளம் பாளமாக வெடித்துவிடும். மேலே பச்சை வலை கட்டியிருந்தார்கள், சுவரெல்லாம் ஈரச் சாக்குத் தொங்கியது, எதுவும் போதவில்லை. கரண்டியை எடுக்கும் முன்பே பூச்சின் ஓரம் வெளுத்தது. காற்று இறங்காத அந்தக் குழிக்குள் சிமெண்ட் நெடியும் ஈரச் சாக்கு வேகிற நெடியும் சேர்ந்து, இழுக்கிற மூச்சு ஒவ்வொன்றும் தொண்டையில் பொடியாகப் படிந்தது.

குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். ஆழமான கடைசிச் சுவருக்குப் பின்னால், மண்ணுக்கு அடியில், குளத்துத் தண்ணீர் போய்ச் சேர்வதற்காகக் கட்டிய பக்கத் தொட்டி. அதன் தலையில் இரும்பு மூடிக்காக விட்ட ஓட்டையைப் பலகையால் மறைத்து, மேலே ஒரு லோடு மணலைக் கொட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் தரை வேலை ஆரம்பிக்கும்போதுதான் அதை அள்ளுவார்கள். அதுவரை உள்ளே போக ஒரே வழி, குளத்துச் சுவரின் அடியில், கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த பலகைகளை உருவுவதற்காக விட்டிருந்த இரண்டடி ஓட்டை. தவழ்ந்துதான் போகவேண்டும். போய் வலது பக்கம் திரும்பினால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதற்காகவே பெத்துராஜ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே போகிறவன் செருப்பை ஓட்டை வாசலில் விட்டுப் போகவேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள். அந்தப் பக்கம் கல்லும் கலவையும் வரக்கூடாது. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். நெல்லைநாயகம் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு, மரத்தடியில் எல்லோரும் கண் அசந்திருந்தபோது, அவர் விளக்குமாறோடு குளத்துக்குள் இறங்கினார். தலைக்குள் வெயில் ஊறியிருந்தது. கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. ஓட்டை வாசலில் செருப்பு கிடந்தது. அடியில் கரிசல் மண் அப்பியிருந்தது. வெள்ளைப் பூச்சில் ஒரு பொட்டு கரிசல் பட்டாலும் போச்சு, எத்தனை தடவைதான் சொல்வது இவர்களுக்கு என்று முனகிக்கொண்டே, இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டார். வேறு எதையும் அவர் நினைக்கவில்லை. அது சத்தியம்.

இரண்டு மணிக்குப் பெத்துராஜ் வந்து வாசலைப் பார்த்தார். செருப்பு இல்லை. இருந்தும் பழக்கத்துக்கு, "ஏலே, உள்ள எவனும் கிடக்கியளா?" என்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. மூன்று வரிசைக் கல் வைத்தார், மேலே பூசினார். மூன்று மணிக்கு அது மற்ற சுவரோடு சுவராகிவிட்டது.

இப்போது செருப்பைக் கையில் பிடித்தபடி நெல்லைநாயகம் படிக்கட்டில் இறங்கினார். பொழுது சாய்ந்தும் தரை உள்ளங்காலைச் சுட்டது. கடைசிச் சுவரின் அடியில், பக்கத் தொட்டிக்குப் போகிற குழாயின் வாய். கலவை விழாமலிருக்க அதில் பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். குனிந்து, "மகாராஜா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. சத்தமாகக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டால்?

போயிருப்பான். வீம்பில் செருப்பைக்கூட மறந்து போயிருப்பான். அவர் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு சுவரும் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஓட்டையை அடைத்த இடத்தில் மட்டும் ஒரு கையகலம் கறுப்பாக, ஈரமாக.

"இங்கன மட்டும் காயவே இல்ல அண்ணாச்சி," என்றாள் எப்சிபா. கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றாள். "நான் இன்னும் தண்ணியே அடிக்கல."

"புதுக் கல்லு. குடிச்ச தண்ணியக் கக்கும்," என்ற பெத்துராஜ், பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கரண்டிக் காம்பால் அந்த இடத்தைத் தட்டினார். டொக். டொக். கையை எடுத்தார்.

டொக்.

எப்சிபா குழாயைக் கீழே விட்டுவிட்டாள். "உள்ள யாரோ தட்டுத மாதிரி இல்ல?"

"ஏட்டி, உனக்கு வெயில் மண்டைக்கு ஏறிட்டு. மோரக் குடி, சரியாப்போவும்," என்றாள் கோமதியம்மாள்.

பெத்துராஜ் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார். பிறகு நெல்லைநாயகத்தைப் பார்த்தார். "மகாராஜா போனத நீங்க கண்ணால பாத்தியளா அண்ணாச்சி?"

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஆட்டோ ஒன்று போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைகிற வரை நெல்லைநாயகத்துக்கு நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். செருப்பு இங்கேதான் கிடந்தது, நான்தான் எடுத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கடப்பாரை நாலடி தூரத்தில் சாய்ந்திருந்தது. பெத்துராஜின் கைக்கு அந்தக் கல் மூன்று நிமிடம் தாங்காது.

மகள் வித்யாலட்சுமிக்குப் பன்னிரண்டாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தென்காசியில் இவரைப் பற்றி விசாரித்தபோது, மனுஷன் ஒரு சொல் மாறமாட்டார் என்று நாலு பேர் சொன்னார்களாம். உள்ளே இருக்கிறவன் உயிரோடு வந்தால் செருப்பை எடுத்தது யார் என்று கேட்பான். உயிரில்லாமல் வந்தால் போலீஸ் கேட்கும்.

"பாத்தேன்," என்றார். "கேட்டத் தாண்டி ரோட்டுல ஏறிப் போனான். நோட்டுல எழுதிருக்கேன்."

பெத்துராஜின் தோள் தளர்ந்தது. "நீங்க எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும். சூட்டுல கல்லு முறியுத சத்தம், வேறென்ன. வாங்க மக்கா, அடுத்த பக்கம்."

அதற்குப் பிறகுதான் அவர் நோட்டை எடுத்துப் போய், வீட்டுச் சுவரின் மறைவில் நின்று, வியாழக்கிழமைப் பக்கத்தில் இரண்டு வரிக்கு நடுவே இருந்த இடைவெளியில் எழுதினார். பகல் 12.40. மகாராஜா வெளியே போனான். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மத்தியானம். எல்லோரும் மரத்தடியில். அவர் மட்டும் சாக்கை நனைக்கிற சாக்கில் குளத்துக்குள் இறங்கினார். மேலே பச்சை வலை அசையாமல் தொங்கியது. வலையின் நிழல் வெள்ளைத் தரையில் மீன் செதிலாக விழுந்திருந்தது. எப்போதும் எங்கிருந்தோ விசைத்தறிச் சத்தம் வந்துகொண்டிருக்கும். இன்று அதுவும் இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. பத்தடி நடந்தார். நின்றார்.

துணி வெளியே கிடந்தது.

குழாய் வாயில் அடைத்திருந்த துணி. சுருள் கலையாமல், உள்ளேயிருந்து தள்ளிவிட்டது மாதிரி, தரையில். நனைந்திருந்தது. எந்தத் தண்ணீரும் படாத இடத்தில் நனைந்திருந்தது.

குழாய் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று அவர் கணுக்காலில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. நின்றது.

மூச்சு.

அவர் மண்டியிட்டார். வேர்வையும் சோறு புளித்த வாடையும் வந்தது. குழாய்க்குள், வெகு உள்ளே, ஏதோ உரசியது.

"ண்ணாச்சி."

சொல்லா, காற்றா. தெரியவில்லை.

"ண்ணாச்சி. செருப்பு..."

நெல்லைநாயகத்தின் கை துணியை எடுத்தது. சுருட்டியது. குழாய் வாயில் வைத்தது. அழுத்தியது. உள்ளேயிருந்து ஏதோ அதைத் திருப்பி அழுத்தியது; ரொம்ப பலமில்லை, குழந்தை கையை உருவப் பார்க்கிற அளவுக்குத்தான். அவர் கட்டை விரலால் குத்தினார். உள்ளங்கையால் குத்தினார். பக்கத்துச் சட்டியில் மிச்சமிருந்த கலவையை வழித்து, துணியின்மேல் அப்பினார். தேய்த்தார். இருபத்தைந்து வருஷம் கொத்தனார்களின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததில், நன்றாகவே பூசியிருந்தார்.

வெயில் அதை அஞ்சு நிமிடத்தில் காய வைத்தது.

சனிக்கிழமை சத்தம் இல்லை. அந்தக் கறுப்பு மட்டும் பெரிதாகியிருந்தது. பெத்துராஜ் இன்னொரு கை பூச்சு ஏற்றினார். கால் மணியில் அதன் மேலும் ஊறி வந்தது. இப்போது அதற்கு வடிவம் இருந்தது. நாலு விரல் முழுசாக. ஒன்று பாதி.

எப்சிபா அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனாள். கூலியைக்கூடக் கோமதியம்மாளை வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே குழாய் வாயில் அப்பியிருந்ததைக் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது; தண்ணீர் பக்கத் தொட்டிக்குப் போகவேண்டுமே. நெல்லைநாயகம் தானே செய்வதாகச் சொன்னார். உளியால் ஒரு விரல் அகலம் கொத்தி, துணியை வெளியே இழுத்தார். துணியில் பல் பட்ட அடையாளம் இருந்தது.

பிறகு தண்ணீர் விட்டார்கள். இரண்டு போர்வெல் குழாயும் நாலு டேங்கர் லாரியும். விடிய விடிய ஏறியது. குழாய் வாயை எட்டியதும் அங்கே ஒரு சுழிப்பு, உள்ளே போகிற தண்ணீரின் களக் களக் சத்தம், பெரிய தொண்டை ஒன்று தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி, நிற்காமல். பிறகு நின்றது. ஒரே ஒரு குமிழி வந்து மேலே உடைந்தது. ஞாயிறு காலையில் வெள்ளைப் பூச்சின்மேல் தண்ணீர் வானம் போல நீலமாக நின்றது. ராம்சங்கர் சார் வந்து, "ஒரு கீறல் இல்ல நாயகம்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முத்துமாரி வந்தாள். மகாராஜாவின் மனைவி. இளையரசனேந்தலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிக் குளத்துப் பக்கம் வந்து நின்றாள்.

"கொத்தனார் கேரளான்னு சொல்லுதாரு அண்ணாச்சி. சொல்லாமப் போற ஆளு இல்ல அவுக. போனு போன வாரம் கலவையில விழுந்து கெட்டுப்போச்சு, சரி. யார்கிட்டயாச்சும் வாங்கிப் பேசுவாகள்லா?"

"ரோசத்துல போனான்மா. வருவான்."

"செருப்பப் போட்டுக்கிட்டுத்தான போனாக?"

அவர் பார்வை பைக் பெட்டிக்குப் போய் வந்தது.

"கால்ல ஆணி. செருப்பு இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போமாட்டாக. அதான் கேக்கேன்."

"போட்டுத்தான் போனான்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. "எங்க அண்ணன் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்னு நிக்கான். நீங்க கண்ணால பாத்ததா கொத்தனார் சொன்னாரு. அத ஒரு கடுதாசியா எழுதிப் போடுங்க அண்ணாச்சி. அன்னைக்கு யாரு யாரு இருந்தாக, எங்கன உக்காந்திருந்தாக, அவுக எப்பம் எந்திரிச்சுப் போனாக. உங்க கையெழுத்துல வந்தா நான் நம்பிருதேன். ஸ்டேஷனுக்குப் போவல."

திரும்பியவள், பக்கத் தொட்டியின் மேலிருந்த மணல் குவியலின் ஓரத்தில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த வெயில்லயும் இங்கன மட்டும் இம்புட்டு ஈரமா இருக்கே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தபால் ஆபீஸில், சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து அவர் எழுதினார். வெளியே அனல். உள்ளே மின்விசிறி தலைக்கு மேல் சுற்றியது, காற்று வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஆறு பேர் என்று தொடங்கினார். வேப்பமரத்துத் தூரில் பெத்துராஜ். இடது பக்கம் முத்துக்கிருஷ்ணன். எதிரே எப்சிபா, கோமதியம்மாள். நாற்காலியில் நான். நிழல் முடிகிற இடத்தில் தங்கள் கணவர். 12.40க்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பையோடு, கேட்டைத் தாண்டிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டார். நாலாக மடித்துக் கவரில் வைத்தார். கிண்ணத்திலிருந்த பசையைத் தடவி, ஓரத்தை விரலால் நீவி நீவி ஒட்டினார். காற்றுக்கூடப் போகாத மாதிரி. கட்டை விரலால் அழுத்தியபோது, உள்ளேயிருந்து ஏதோ திருப்பி அழுத்தியது.

ரொம்ப பலமில்லை.

"குடுங்க சார், பை கட்டப் போறோம்," என்றார் கவுண்டரில் இருந்த சுபைதா பேகம். வாங்கியவர் முகம் சுளித்தார். "என்ன சார், கவர் இப்படி நனைஞ்சிருக்கு?"

"வேர்வை."

கவரின் பின்பக்கத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நாலு விரல் முழுசாக. ஒன்று பாதி. அந்த அம்மாள் அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, தபால்தலையை ஒட்டி, முத்திரையை எடுத்தார்.

டொக். டொக்.

கடிதத்தைச் சாக்குப் பைக்குள் போட்டார். முத்திரையைக் கீழே வைத்தார்.

டொக்.

அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை போல. பையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக, நெல்லைநாயகம் பின்னாலேயே நடந்தார். வாசல்வரை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தார்.

அவர் உள்ளே வரும்போது படி காலியாகத்தான் இருந்தது.

இப்போது படியில், அவர் பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அதே ஜோடி செருப்பு. நீல வார். வலதில் ஊக்கு. ஆபீஸைப் பார்த்து நேராகக் கழற்றி விட்டிருந்தது. தகிக்கிற சிமெண்டில், அதைச் சுற்றி மட்டும், ஈரம்.

பையை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று.

செருப்பு வாசலிலேயே கிடந்தது. செருப்பு கிடந்தால் உள்ளே ஆள்.